ஐந்தாவது காற்று

ஐந்தாவது காற்றைச் சொன்னேனா, சொல்லவில்லையா? ஹவா சொன்னேன். கொக்கியை உச்சிவரை ஏற்றிவிட்டு ஹவா என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது, சொல்லும்போது கொட்டாவி வந்து அந்த வார்த்தை நீண்டுபோனதுகூட ஞாபகம் இருக்கிறது. ட்ராலியைக் கேபின் பக்கம் இழுத்து நிறுத்திவிட்டு பாதாஷ். நெம்புகோல்கள் நடுவில் நிற்கின்றனவா என்று தடவிப் பார்த்துவிட்டு ஹாங்கின். காற்றின் வேகம் காட்டும் பெட்டியில் முப்பத்து நாலு என்று இருந்தது, அதை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஷமால். அப்புறம்? அப்புறம் வாக்கி டாக்கி அலறியது. "அண்ணாச்சி! அண்ணாச்சி! பய பொறந்துட்டாம்லா! ஆம்பளப் பய!" ரெமியின் குரல், பக்கத்துக் கிரேனிலிருந்து. நான் சிரித்தேன், "ஏ மக்கா, நல்லாருலே" என்று ஏதோ சொன்னேன், கதவைப் பூட்டினேன், ஏணியில் இறங்கினேன், இறங்கும்போது பைக்குள் இருந்த சாவி தொடையில் குத்திக்கொண்டே வந்தது. இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஷமாலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் மட்டும் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் நான் காற்று என்று தமிழில் சொல்லி, பிரேக்கை விடுவித்திருக்க வேண்டும். விடுவித்தேனா? கம்பெனி பஸ் கிளம்பி ஐந்து நிமிடம் ஆகிவிட்டது.

இருபது மாடி உயரத்தில் டெலிபோன் பூத் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, அதில் நான். பதினோரு வருஷமாக தோஹாவில் டவர் கிரேன் ஓட்டுகிறேன். இந்த பிரேக் விஷயத்தை ஊரில் இருக்கிற என் மனைவி கனகமணிக்கு ஒருநாள் போனில் விளக்கினேன். பெரிய காற்றில் குடை பிடித்துக்கொண்டு போகிறாய், குடையை விறைப்பாகப் பிடித்தால் என்ன ஆகும்? மடங்கிப் போகும். காற்று போகிற பக்கம் கையைத் தளர விட்டால் தப்பிக்கும், அவ்வளவுதான். கிரேனுக்கு அறுபது மீட்டர் நீளத்தில் ஒரு கை. வேலை நேரத்தில் அதை பிரேக் போட்டுப் பிடித்துக்கொள்கிறோம், சாயங்காலம் இறங்கும்போது பிரேக்கை விடுவித்துவிட வேண்டும். அப்போதுதான் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் கை தானாகத் திரும்பி ஓய்வாக நிற்கும். விடுவிக்காமல் இறங்கிவிட்டால் அது விறைத்துக்கொண்டு நிற்கும், காற்று அந்த அறுபது மீட்டரையும் பக்கவாட்டில் வந்து அறையும். கனகமணி கேட்டுவிட்டு, "நீங்களும் கொஞ்சம் அப்பிடித் தளந்து குடுத்தா என்ன, எப்பப் பாத்தாலும் வெறச்சுக்கிட்டு" என்றாள். மூச்சு விடாமல் ஒரு தொழில் ரகசியத்தைச் சொன்னால் அதிலும் எனக்கு ஒரு குட்டு. சாதாரண நாளில் பிரேக்கை மறந்தாலும் ஒன்றும் ஆகாது, காலையில் போய்ப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்ளலாம். இன்றைக்கு சாதாரண நாள் இல்லை. மத்தியானமே போனில் எச்சரிக்கை வந்துவிட்டது, ஆறு மணிக்கு மேல் எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகம் என்று. இப்போது ஐந்தரை. பஸ் கண்ணாடியில் மணல் விழுகிற சத்தம் அரிசி களைகிற சத்தம் மாதிரி இருக்கிறது. கிரேனுக்குக் கீழே இரவு வேலை ஆட்கள் நாற்பது பேர் இறங்கியிருப்பார்கள்.

போன் செய்தால் முடிந்தது. ஹானியின் நம்பர் மூன்றாவதாக இருக்கிறது, கட்டை விரல் அதன்மேல்தான் இருக்கிறது. ஹானி எகிப்துக்காரர், சேஃப்டி ஆபீசர், கெட்டவர் இல்லை. ஆனால் போன வருஷம் நான் ஒரு தடவை போன் செய்துவிட்டேன். கேம்ப்பில் குளித்துக்கொண்டிருந்தபோது, முகத்தில் சோப்போடு, இதே சந்தேகம் வந்தது. பாதிக் குளியலில் ஓடிவந்து கூப்பிட்டேன். அந்த வேளையில் ஒரு ஆளை ஏணியில் ஏற்றி அனுப்பினார்கள். பிரேக் விடுவித்துத்தான் இருந்தது. மறுநாள் காலை ஹானி என்னை உட்காரவைத்துக் கேட்டார்: "சுயம்பு, நீ நினைத்தாயா, உனக்குத் தெரியுமா?" நினைத்தேன் சார். "இந்த வேலையில் நினைக்கிறதுக்கு இடம் இல்லை. தெரியும், இல்லாவிட்டால் தெரியாது." அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு கண் பரிசோதனை, சர்க்கரை பரிசோதனை, ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு விளக்கு எரிகிறபோது பொத்தானை அழுத்துகிற பரிசோதனை. இரண்டு மாதம் என்னைத் தரையில் போட்டார்கள். கேட்டில் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு லாரிகளுக்கு வழி காட்டினேன், பத்து வருஷம் மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். திரும்ப மேலே ஏற்றும்போது ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இன்னொரு தடவை என்றால் ஊருக்கு டிக்கெட். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சந்தேகப்பட்டதை வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. சொல்லாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு படுத்திருந்தால் ஒரு தப்பும் இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்த ஐந்து காற்று ஏற்பாடு. கைக்கு வேலை பழகிவிட்டால் அது மனசிடம் சொல்லிக்கொண்டு செய்வதில்லை. பல் தேய்த்தோமா என்று பிரஷ்ஷைத் தொட்டுப் பார்க்கிற கதைதான். அதனால் வாயைச் சாட்சிக்கு வைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காற்று, ஒவ்வொன்றும் ஒரு பாஷையில், சத்தமாக. காற்றை ஏன் எடுத்தேன் என்றால் அது ஏற்கெனவே என்னிடம் சேர்ந்திருந்தது. தில் பகதூர் கொடுத்தது. என் கிரேனுக்குக் கீழே சுமை கட்டுகிற நேபாளி அவன், குள்ளமான ஆள், சிரித்தால் கண் காணாமல் போகும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தோம். மேலே எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கட்டடத்தின் மூலையைச் சுற்றி ஒரு காற்று கீழேயே கிளம்பியிருக்கிறது. வாக்கி டாக்கியில் அவன், "ஹுரி! ஹுரி ஆயோ!" என்று கத்தினான். எங்களுக்குள் தினமும் நடக்கிற பேச்சு இந்தியில்தான். மேலே, கீழே, நிறுத்து, இன்னும் கொஞ்சம். அன்றைக்கு அவனுக்கு இந்தி வரவில்லை. ஹுரி என்றால் சூறைக்காற்று என்பது அப்போது எனக்குத் தெரியாது. புரிந்துகொள்ள எனக்கு ஆன இரண்டு விநாடியில் பலகை சுழன்று அவன் இடது கையைச் சுவரோடு நெரித்தது. இரண்டு விரல் போயிற்று. பயந்தால் மனுஷனுக்கு சொந்த பாஷைதான் வரும், அதை யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அன்றிலிருந்து சைட்டில் யாரைக் கண்டாலும் பிடித்து நிறுத்திக் கேட்பேன். உன் பாஷையில் காற்றுக்கு என்ன? பெரிய காற்றுக்கு என்ன? பார்த்துப் பயப்படுகிற காற்றுக்கு என்ன? பைத்தியம் என்றார்கள், இருக்கட்டும். வங்காளி பாதாஷ் என்றான், புயலானால் ஜோர், சித்திரை வைகாசியில் சாயங்காலம் கறுத்துக்கொண்டு வருவதற்குத் தனியாகக் கால்போய்ஷாகி. பிலிப்பைன்ஸ்காரனுக்கு ஹாங்கின். வடகிழக்கிலிருந்து குளிராக வந்தால் அமிஹான், தென்மேற்கிலிருந்து மழையோடு வந்தால் ஹபகாட், வீட்டைத் தூக்கிக்கொண்டு போவது பக்யோ. சிங்களவனுக்கு ஹுளங்க. இந்திக்காரனுக்குச் சும்மா இருந்தால் ஹவா, மண்ணை வாரிக்கொண்டு வந்தால் ஆந்தி, கோடையில் முகத்தைச் சுடுவது லூ. இந்த ஊர்க்காரர்களுக்கு வடமேற்கே இருந்து வருவது ஷமால், கண்ணை மறைக்கிற தூசிக்கு குபார். ஹானி தன் ஊரில் கம்சீன் என்று ஒன்று உண்டு, அது அடித்தால் நாய்கூட வெளியே வராது என்றார். எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். தில் பகதூர் இன்றைக்கு இரட்டை ஷிஃப்ட். இப்போது கீழே நிற்கிறான், எட்டு விரலோடு.

இல்லை, விடுவித்திருப்பேன். பதினோரு வருஷத்தில் ஒரு நாள் மறந்ததில்லை, இன்றைக்கு மட்டும் எப்படி மறப்பேன்? கையை முகர்ந்து பார்க்கிறேன். பிரேக் கைப்பிடிக்கு நேற்றுதான் புது கிரீஸ் தடவினார்கள், சிவப்பு கிரீஸ், தொட்டால் உள்ளங்கையில் ஒட்டும். உள்ளங்கையில் சாக்லேட் வாசனை வருகிறது. பஸ் வாசலில் ரெமி கட்டிப்பிடித்து வாயில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் திணித்தான், அது உருகி ஒழுகியது, நான் டிஷ்யூ வாங்கி அழுத்தித் துடைத்தேன். சாட்சியைத் துடைத்துப் போட்டுவிட்டேன். பேன்ட்டில் கிரீஸ் இருக்கிறது, ஆனால் பேன்ட்டில் என்றைக்குத்தான் இல்லை? பஸ் ஏறும்போது ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருக்கலாம். ரெமியின் தோளில் என் முகம் இருந்தது. இதோ பக்கத்து சீட்டில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான், இருபத்தெட்டு வயசு, பெரியதாழைக்காரன், கடலில் போகிற குடும்பம், முழுப்பெயர் ரெமிஜியூஸ். பல் எல்லாம் வெளியே தெரிகிறது. பஸ்ஸே அவனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. பின் சீட்டு பிஜு, திருச்சூர்க்காரன், தலையை எங்கள் நடுவில் நீட்டிக்கொண்டு, "டா ரெமி, இன்னிக்கு இத்தற காற்றல்லே? குட்டிக்கு கொடுங்காற்று எந்நு பேரிடு" என்கிறான். வங்காளி ஷொஹேல் எழுந்து நின்று, பாதாஷ் வை, பாதாஷ் நல்ல பெயர் என்கிறான். ஒரு பீகாரி, பவன் என்று வையுங்கள், பவன் என்றால் காற்று, எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பவன் இருக்கிறார்கள் என்கிறான். ரெமி, "எங்க ஊர்ல தெருவுக்கு நாலு பவன் இருந்தா சாப்பாட்டுக் கவலையே இல்ல" என்கிறான், அதை இந்தியில் விளக்கப் போய் மாட்டிக்கொள்கிறான். முன்னால் ஸ்டியரிங்கில் இருக்கிற பெஷாவர் உஸ்தாத் குல் ஜமான், கண்ணாடி வழியே பார்த்து, எங்கள் பாஷையில் காற்று பாத், சின்னப் பெயர், கூப்பிட வசதி என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். "அண்ணாச்சி, நீங்கதானல்லா காத்துக்கு டிக்சனரி. நீங்க ஒரு பேரு சொல்லுங்க" என்று ரெமி என் தொடையில் தட்டுகிறான். சொல்லுகிறேன்லே, யோசித்துச் சொல்லுகிறேன் என்கிறேன். என் வாயில் ஐந்தாவது காற்று நின்றுகொண்டிருக்கிறது, சொல்லப்பட்டதா சொல்லப்படாததா என்று தெரியாமல், பல்லில் மாட்டின நார் மாதிரி. நாக்கு அங்கேயே போகிறது.

மறுபடியும் முதலிலிருந்து. கொக்கி, ஹவா. ட்ராலி, பாதாஷ். நெம்புகோல், ஹாங்கின். முப்பத்து நாலு, ஷமால். இடது கை நோட்டை மூடுகிறது. வலது கை... வலது கை வாக்கி டாக்கியை எடுக்கிறது. அல்லது பிரேக்கைத் தொட்டுவிட்டு வாக்கி டாக்கியை எடுக்கிறது. இரண்டும் தெரிகிறது, இரண்டும் நடந்த மாதிரியே இருக்கிறது. நேற்றைய கை, முந்தாநாள் கை, மூவாயிரம் நாளின் கைகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, இன்றைய கையை மட்டும் எப்படி உருவி எடுப்பது? வேறு எதையாவது நினைக்கலாம். நம் பாஷையில் காற்று அடிக்கிறது. வீசுகிறது என்றும் சொல்வோம், அது தென்றலுக்கு, புத்தகத்துக்கு. எங்கள் பணகுடிக் கணவாயில் எவனும் வீசுது என்று சொல்லமாட்டான், அடிக்கி என்றுதான் சொல்வான். இந்திக்காரனுக்குக் காற்று நடக்கிறது. நேபாளிக்கும் நடக்கத்தான் செய்கிறது. வங்காளிக்கு ஆறு மாதிரி ஓடுகிறது. பிலிப்பைன்ஸ்காரன் ஹாங்கினையே வினையாக்கிவிடுகிறான், காற்று காற்றுகிறது என்று சொல்கிற மாதிரி. நம் ஆட்களுக்கு மட்டும் ஏன் அடிக்கிறது? யார்மேல் என்ன கோபம்? போன வருஷ லீவில் கனகமணியோடு மொட்டை மாடியில் காற்று வாங்க உட்கார்ந்தேன். வாங்குகிறோம், காற்றாட நடக்கிறோம், காதில் காற்று வாக்கில் ஏதாவது விழுகிறது, அடுத்த நிமிடம் அதே காற்று அடிக்கிறது. அறைகிறது. அறுபது மீட்டரையும் பக்கவாட்டில். போச்சு, திரும்பவும் அங்கேயே வந்துவிட்டேன். விழுந்தால் எந்தப் பக்கம் விழும்? என்னுடையது இரண்டாம் நம்பர், ரெமியினுடையது மூன்று. ஷமால் வடமேற்கிலிருந்து தள்ளுகிறது, அதனால் கடல் பக்கம் சாயும், அந்தப் பக்கம்தான் இரவு ஆட்கள் டீ குடிக்கிற கொட்டகை. ஐந்தே முக்காலுக்கு டீ. இப்போது ஐந்து நாற்பது.

பஸ் நிற்கிறது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள். தூசியில் சூரியன் பழைய பித்தளைத் தட்டு மாதிரி மங்கிக் கிடக்கிறது. இன்னும் அரை கிலோமீட்டரில் மேம்பாலம். மேம்பாலத்தின் உச்சியில் அரை நிமிடத்துக்கு சைட் முழுக்கத் தெரியும், நாலு கிரேனும் தெரியும். பிரேக் விடுவித்திருந்தால் எல்லாக் கைகளும் ஒரே பக்கம் திரும்பி நிற்கும், மந்தை ஆடுகள் மழைக்கு ஒரே பக்கம் முதுகு காட்டி நிற்குமே, அதுபோல. ஒன்று விறைத்து நின்றால் உடனே தெரிந்துவிடும். கீழே நிற்கிறவனுக்கு அவன் தலைக்குமேல் இருக்கிற கை மட்டும்தான் தெரியும், தூரத்திலிருந்து பார்த்தால்தான் நாலும் சேர்ந்து தெரியும். சரி, மேம்பாலத்தில் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு போன் செய்யலாம். அப்போது நினைத்தேன் என்று சொல்லவேண்டியதில்லை, தெரியும் என்று சொல்லலாம். நல்ல யோசனைதான். நாற்பது பேர் தலையில் நான் பேரம் பேசுகிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது. இப்போதே கூப்பிட்டால் பத்து நிமிடம் முன்னதாக ஆட்களை நகர்த்தலாம். கூப்பிட்டு, என்னுடையது சரியாக இருந்துவிட்டால்? டிக்கெட். மகளின் மூன்றாம் வருஷம். கூப்பிடாமல், என்னுடையது சரியாக இல்லாவிட்டால்? அந்த எட்டு விரல். கட்டை விரலுக்குக் கீழே போன் சூடாகிவிட்டது. ரெமி வீடியோ காலில் திசையன்விளை ஆஸ்பத்திரியைப் பிடிக்கப் பார்க்கிறான், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "என்ன அண்ணாச்சி, மூஞ்சி ஏன் வாடிப்போய்க் கெடக்கு? காத்தப் பாத்துப் பயமா?" என்கிறான். அவனுக்குக் காற்று சொந்தக்காரன் மாதிரி. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று திசைக்கு ஒன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், கச்சான் கோவக்காரன், வாடை கள்ளன் என்பான். எங்கள் ஊரில் ஆடிக் காத்து, மத்த காத்து, இரண்டே பெயர்தான் என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். வேலைக்கு வந்த முதல் மாதம் இந்த பிரேக் வேலையை நான் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தபோது அவன் எனக்குச் சொன்னான்: "இது எங்களுக்குத் தெரிஞ்சதுதான் அண்ணாச்சி. கடல்ல பேய்க் காத்து வந்தா பாய அவுத்து விட்டுரணும். காத்துகூட மல்லுக்கு நிக்கக் கூடாது. அது போற போக்குக்கு விட்டுக் குடுத்துட்டா ஒண்ணும் செய்யாது." நான் ஐந்து காற்று சொல்லுவதை அவன் கேலிதான் செய்வான். மறந்தால்தானே சொல்லவேண்டும் என்பான். அவனைப் போல ஒரு நாள் இருந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

பஸ் நகர்கிறது. மேம்பாலத்தின் ஏற்றம் முதுகில் தெரிகிறது. ஜன்னல் அவன் பக்கம். "ரெமி, கொஞ்சம் எடம் மாறிக்கலாமாலே, எனக்கு ஒரு மாதிரி வருது" என்கிறேன். "வாங்க வாங்க, வாந்தியா?" என்று எழுந்து இடம் விடுகிறான், போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் கண்ணாடியில் நெற்றியை வைக்கிறேன். வெளியே மஞ்சள் திரை, அவ்வளவுதான். காற்றே, கொஞ்சம் விலகு. ஹவா, பாதாஷ், ஹாங்கின், ஷமால், யார் கேட்டாலும் சரி, கொஞ்சம் விலகு. பஸ்ஸை ஏதோ தோளால் இடிக்கிற மாதிரி ஒரு தள்ளல், குல் ஜமான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து முனகுகிறார். திரை கிழிகிறது. ஒன்று, கடலைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு, என்னுடையது, என்னுடையது, கடலைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சொன்னேன்! ஐந்தாவது காற்றைச் சொல்லியிருக்கிறேன்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கனகமணி, மகள், தில் பகதூர், எல்லாரும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தார்கள், ஓவென்று சிரிக்கவேண்டும் போல இருந்தது. நாலாம் நம்பரும் கடலைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்றாம் நம்பர் குறுக்கே நிற்கிறது. ரோட்டைக் காட்டிக்கொண்டு, மற்ற மூன்றுக்கும் குறுக்கே, விறைப்பாக. நுனி நடுங்குவது இவ்வளவு தூரத்துக்கும் தெரிகிறது.

என்னுடையது இல்லை. முதலில் வந்த நினைப்பு அதுதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என்னுடையது இல்லை, என்மேல் ஒன்றும் இல்லை. அது ஒரு விநாடி இருந்திருக்கும், இரண்டு விநாடிகூட இருந்திருக்கலாம், பலகை சுழன்ற நேரம். அந்த நேரத்தில் மேம்பாலத்தின் உச்சியில் சிக்னல் கிடைத்துவிட்டது போல, "அண்ணாச்சி, வந்துட்டு, வந்துட்டு, பாருங்க" என்று ரெமி என் முகத்துக்கு நேரே போனைக் கொண்டுவருகிறான். வெள்ளைத் துணிக்குள் உருளைக்கிழங்கு மாதிரி ஒரு முகம், கண் இறுக மூடி, வாய் கொட்டாவி விடுகிறது. பக்கத்தில் அவன் மனைவி டெல்பினின் கன்னம், வியர்வையில் ஒட்டிய முடி. நான் கிளம்பின உடனேயே சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு கிரேனையும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அரை மணிக்கு முன்னாலேயே இது தெரிந்திருக்கும். மெதுவான காற்றிலேயே ஒரு ஆள் ஏறி விடுவித்திருப்பான், ரெமிக்கு ஒரு திட்டோடு போயிருக்கும். என் டிக்கெட்டைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது சொன்னால் இவனுக்கு டிக்கெட். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் என்ற யோசனை பாதியில் நிற்கும்போதே கட்டை விரல் அழுத்திவிட்டது. "சுயம்பு?" ஹானியின் குரல். அவருடைய பக்கமும் காற்று இரைகிறது. மூணாம் நம்பர் சார், பிரேக் விடவில்லை. டீக் கொட்டகை ஆட்களை வெளியே எடுங்கள், ரோட்டை அடையுங்கள். "மறுபடியுமா? நினைக்கிறாயா, தெரியுமா?" தெரியும் சார். பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் போனை வைக்காமலே அந்தப் பக்கம் அரபியில் கத்துவது கேட்டது, ஊதல் கேட்டது, இன்னொரு ஊதல், பிறகு யாரோ நேபாளியில் ஆட்களை விரட்டுகிற சத்தம். அது தில் பகதூரின் குரல்தான், எனக்குத் தெரியும். ஓடுகிறார்கள். எழுந்து நின்று, உஸ்தாத், வண்டியை நிறுத்துங்கள் என்றேன். குல் ஜமான் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரம் கட்டினார், கதவைத் திறந்தார்.

பஸ்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது. ரெமி என்னைப் பார்த்தான், பிறகு என் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "நான் பாய அவுக்கலியா அண்ணாச்சி?" என்றான், மெதுவாக, வேறு யாரைப் பற்றியோ கேட்கிற மாதிரி. "போனு வந்துச்சி. பய பொறந்துட்டாம்னு சொன்னாவ. நான் அப்பிடியே எறங்கிட்டேன். அப்பிடியேதான் எறங்கிருக்கேன் போல." அவன் தோளைப் பிடித்தேன். "எந்தி. ரெண்டு பேருமாப் போவோம். ஹானிகிட்ட நான் பேசுதேன், நடந்ததச் சொல்லுதேன், என்னையுஞ் சேத்து" என்றேன். திறந்த கதவு வழியாக மணலும் இரைச்சலும் உள்ளே வந்தன, யாருடைய தொப்பியோ பறந்து பின் சீட்டுக்குப் போயிற்று, பிஜு சிலுவை போட்டுக்கொண்டான். ரெமி எழுந்திருக்கவில்லை. அவன் கையில் போன் மல்லாந்து கிடந்தது, அதில் இன்னும் அந்த முகம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. "ஏங்க," என்றாள் டெல்பின் அதற்குள்ளிருந்து, "அங்க என்ன இரைச்ச? ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு. என்னது அது?" ரெமி போனை என் பக்கம் நீட்டினான். ஊதல் இன்னும் என் காதோரம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் குனிந்து, அந்தப் பிள்ளைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"காத்தும்மா. காத்து."